ஃபிராங்க்ளின் ரிசோர்சஸ்: நிதி நிர்வாக நிறுவனங்களை வாங்கியே வளர்ந்த ஒரு தாய் நிறுவனத்தின் வரலாறு

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இதுதான்: 1990-களில் சென்னையில் கோத்தாரி பயோனியர் என்ற பெயரில் வாங்கிய மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் இன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற பெயரில் இருக்கின்றன. நியூயார்க் பங்குச் சந்தையிலோ ஃபிராங்க்ளின் ரிசோர்சஸ் என்ற பெயரில் ஒரு நிறுவனம் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இந்த மூன்று பெயர்களுக்கும் இடையே என்ன உறவு, அந்த அமெரிக்க நிறுவனம் எப்படி உருவானது, நம் பணம் அதன் கையில்தான் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடை தெரியாமல் மற்ற வரலாறு புரியாது. நம் பணம் அதன் கையில் இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் என்பது சட்டப்படி தனி அமைப்பு. இந்தியாவில் அது அறக்கட்டளை வடிவில் இருக்கிறது, அமெரிக்காவில் தனக்கென இயக்குநர் குழுவை உடைய நிறுவனமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கிறது. ஃபண்டின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பாதுகாவலராக ஒரு வங்கி வைத்திருக்கும். எதை வாங்குவது, எதை விற்பது என்று முடிவு செய்யும் வேலைக்காக மட்டும் ஒரு சொத்து மேலாண்மை நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருக்கும்; அந்த நிறுவனம் நிர்வகிக்கும் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை ஆண்டுதோறும் கட்டணமாகப் பெறும். இப்படிப்பட்ட மேலாண்மை நிறுவனங்கள் பலவற்றின் பங்குகளைக் கையில் வைத்திருப்பதே ஃபிராங்க்ளின் ரிசோர்சஸ் போன்ற தாய் நிறுவனம். ஆகவே அதன் பங்கை வாங்குகிறவர் ஃபண்டின் சொத்தில் பங்கு பெறுவதில்லை. கட்டண வருமானத்தில் செலவு போக மிஞ்சுகிற இலாபத்தில்தான் அவருக்குப் பங்கு. ஃபண்டில் போட்டவருக்கு நட்டம் வந்த ஆண்டில்கூடத் தாய் நிறுவனத்துக்கு இலாபம் வரலாம், வந்தும் இருக்கிறது.

இத்தகைய நிறுவனங்கள் உருவாக வழிவிட்டது 1958-இல் அமெரிக்காவில் வந்த ஒரு தீர்ப்பு. அதுவரை ஃபண்ட் மேலாண்மை நிறுவனங்கள் பெரும்பாலும் சில கூட்டாளிகளுக்குச் சொந்தமான தனியார் தொழில்களாகவே இருந்தன. கலிஃபோர்னியாவின் இன்ஷூரன்ஸ் செக்யூரிட்டீஸ் என்ற மேலாண்மை நிறுவனத்தின் உரிமையாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பங்குகளை ஏட்டு மதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். முதலீட்டாளர்களின் நம்பிக்கையின் பேரில் வகிக்கும் பொறுப்பைக் காசாக்குவது முறையன்று என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. வழக்குத் தொடுத்தது. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அதன்பின் மேலாண்மை நிறுவனங்கள் வரிசையாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டன. வேன்கார்ட் என்ற அமெரிக்க ஃபண்ட் நிறுவனத்தை நிறுவிய ஜான் போகிள், தொழில் தன் முதலீட்டாளர்களிடமிருந்து விலகிப் பங்குதாரர்களின் பக்கம் சாய்ந்தது இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே.

ஆனால் சட்டம் கதவை முழுதாகத் திறந்துவிடவுமில்லை. 1940-ஆம் ஆண்டின் முதலீட்டு நிறுவனச் சட்டப்படி, மேலாண்மை நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால் அது ஃபண்டுகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் தானாகவே முடிவுக்கு வந்துவிடும். புதிய ஒப்பந்தத்துக்கு ஃபண்டின் இயக்குநர் குழுவும் முதலீட்டாளர்களும் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். 1975-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, விற்பவர் இலாபம் பார்க்கலாம் என்று அனுமதித்துவிட்டு இரண்டு நிபந்தனைகளை வைத்தது: அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஃபண்டின் இயக்குநர்களில் முக்கால் பங்கினர் நிறுவனத்தோடு தொடர்பற்றவர்களாக இருக்க வேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஃபண்டின் மீது நியாயமற்ற சுமை எதையும் ஏற்றக் கூடாது. ஆகவே இந்தத் தொழிலில் ஒரு நிறுவனத்தை வாங்குகிறவர் வாங்குவதெல்லாம் ஒரு பெயரையும், அந்தப் பெயரின்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும், அங்கே வேலை செய்யும் சில மனிதர்களின் தீர்ப்பாற்றலையும்தான். அந்த மூன்றில் எதையும் பூட்டி வைக்க முடியாது. ஃபிராங்க்ளின் ரிசோர்சஸின் முக்கால் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்தச் சிக்கலைத்தான் நான் காண்கிறேன்.

1947-இல் நியூயார்க்கில் பங்குத் தரகுத் தொழில் நடத்திவந்த ரூபர்ட் ஜான்சன் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சிக்கனத்துக்கும் முன்யோசனைக்கும் பெயர்பெற்ற பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்றைக்கும் நியூயார்க் பங்குச் சந்தையில் அதன் குறியீடு ‘பென்’ என்பதுதான். ஃபிராங்க்ளின் கஸ்டோடியன் ஃபண்ட்ஸ் என்ற முதல் ஃபண்ட் வரிசை, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் அடக்கமாக முதலீடு செய்யும் நோக்கமுடையது. முதல் பத்தாண்டில் அது பெரிதாக வளரவில்லை. 1957-இல் நிறுவனரின் மகன் சார்லஸ் ஜான்சன் 24 வயதில் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது நிறுவனத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நிர்வகித்த தொகை 25 லட்சம் டாலர். 1965-இல் அவருடைய சகோதரர் இளைய ரூபர்ட் ஜான்சன் வந்து சேர்ந்தார். அன்று முதல் இன்று வரை அந்தக் குடும்பத்தின் கை அதிலிருந்து எடுபடவேயில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எடுத்த துணிச்சலான முடிவுகள் பலவற்றுக்கு, அடுத்த காலாண்டுக் கணக்கைப் பார்த்துப் பதறாத குடும்பப் பங்குடைமையே அடிப்படை.

1969-இல் ஃபிராங்க்ளின் ரிசோர்சஸ் டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது. 1971-இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. அப்படித் திரட்டிய வலுவைக் கொண்டு 1973-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் மேட்டியோ நகரில் இருந்த வின்ஃபீல்ட் நிறுவனத்தை வாங்கியது. வாங்கிய நிறுவனம் விற்ற நிறுவனத்தின் ஊருக்கே குடிபெயர்ந்தது. இரண்டும் சேர்ந்து நிர்வகித்த தொகை ஏறத்தாழ 25 கோடி டாலர், ஊழியர்கள் அறுபது பேர் அளவில். வாங்கிய வேளை நல்ல வேளையாக அமையவில்லை, ஏனென்றால் 1973, 1974 ஆண்டுகளில் அமெரிக்கப் பங்குச் சந்தை கடுமையாகச் சரிந்தது. பங்கு ஃபண்டுகளை விட்டு மக்கள் விலகினார்கள்.

அந்த நெருக்கடியே நிறுவனத்தின் குணத்தைத் தீர்மானித்தது. பணவீக்கம் ஏறிய அந்த ஆண்டுகளில் வங்கிகள் சேமிப்புக்குத் தரக்கூடிய வட்டிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது; சந்தை வட்டியோ அதற்கு மேல் எங்கேயோ இருந்தது. அந்த இடைவெளியைச் சாமானியச் சேமிப்பாளருக்குக் கொண்டுசேர்த்தவை, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் பணச் சந்தை ஃபண்டுகள். ஃபிராங்க்ளினும் அவ்வழியில் இறங்கியது. கூடவே வீட்டுக் கடன்களின் அடிப்படையில் அரசு உத்தரவாதத்துடன் வரும் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்ட், வரிவிலக்குப் பெற்ற கலிஃபோர்னியா மாநில, நகராட்சிக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஃபண்ட் என்று மாத வருமானம் தேடும் ஓய்வுபெற்றோரைக் கருதி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. 1982-இல் சுமார் 200 கோடி டாலராக இருந்த நிர்வாகத் தொகை 1989-இல் 4,000 கோடி டாலரைத் தாண்டியது. இடையில் 1986-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. இந்த வளர்ச்சி முழுவதும் கடன் பத்திரங்களால் வந்தது. பங்கு முதலீட்டில், அதிலும் வெளிநாட்டுப் பங்குகளில், ஃபிராங்க்ளினுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் 1992-இல் டெம்பிள்டனை வாங்கினார்கள்.

ஜான் டெம்பிள்டனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டென்னசி மாநிலத்தின் வின்செஸ்டர் என்ற சிற்றூரில் 1912-இல் பிறந்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1939-இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது 10,000 டாலர் கடன் வாங்கி, ஒரு டாலருக்குக் கீழே விலைபோன 104 நிறுவனங்களின் பங்குகளை வகைக்கு நூறு டாலர் அளவில் வாங்கினார். அவற்றுள் 34 நிறுவனங்கள் அப்போதே திவால் நிலையில் இருந்தன. சில ஆண்டுகள் பொறுத்திருந்து விற்றபோது அவற்றுள் நான்கே நான்கு மட்டும் மதிப்பற்றுப் போயிருந்தன. 1954-இல் கனடாவில் பதிவு செய்து டெம்பிள்டன் குரோத் ஃபண்டைத் தொடங்கினார். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு எல்லைக்கு வெளியே பங்கு வாங்குவதைப் பற்றி யோசிக்காத காலத்திலேயே ஜப்பானிய நிறுவனங்களைத் தேடிப்பிடித்தவர் அவர். பிற்பாடு பஹாமாஸ் தீவுகளின் நசாவுவுக்குக் குடிபெயர்ந்தார். வால் ஸ்ட்ரீட் பேச்சிலிருந்து விலகியிருந்ததே தம் முடிவுகளுக்கு உதவியது என்று கருதினார். 1987-இல் அவர் நிறுவனம் மார்க் மோபியஸின் பொறுப்பில் வளரும் நாடுகளுக்கென்றே ஒரு ஃபண்டைத் தொடங்கியது.

எண்பது வயதை நெருங்கியபோது டெம்பிள்டன் தம் தொழிலை விற்க முடிவு செய்தார். டெம்பிள்டன், கேல்பிரெய்த், ஹான்ஸ்பெர்கர் என்று கூட்டாளிகளின் பெயர்களைத் தாங்கியிருந்த அந்த நிறுவனத்தை ஃபிராங்க்ளின் 91.3 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைய நிலையில் இந்தத் துறையின் மிகப் பெரிய கொள்முதல்களில் ஒன்று அது. வாங்கியவர்கள் செய்த அறிவார்ந்த காரியம், அந்தப் பெயரை அழிக்காமல் விட்டதுதான். ஃபண்டுகள் டெம்பிள்டன் பெயரிலேயே தொடர்ந்தன. முதலீட்டுக் குழு தன் வழியிலேயே ஆய்வு செய்தது. விற்பனை, கணக்கு, முதலீட்டாளர் சேவை ஆகியவை மட்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நாளடைவில் தாய் நிறுவனமே தன்னை உலகெங்கும் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்று அழைத்துக்கொண்டது. சட்டப்படியான பெயர் மட்டும் ஃபிராங்க்ளின் ரிசோர்சஸ் என்றே நிற்கிறது. கேள்வியில் இருந்த பெயர்க் குழப்பத்தின் ஒரு பாதி இதனால் வந்தது.

1996-இல் மைக்கேல் பிரைஸ் என்பவரின் ஹைன் செக்யூரிட்டீஸை வாங்கியபோதும் இதே முறையைப் பின்பற்றினார்கள். மாக்ஸ் ஹைன் 1949-இல் தொடங்கிய மியூச்சுவல் ஷேர்ஸ் என்ற ஃபண்டையும் அதன் கிளைகளையும் நிர்வகித்த நிறுவனம் அது. நொடிந்த நிறுவனங்களின் பங்குகளையும் கடன்களையும் மலிவாக வாங்கி, தேவைப்பட்டால் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி மதிப்பை வெளிக்கொணர்வதில் பெயர்பெற்றது. அந்தப் பெயரில் பெரும்பங்கு பிரைஸ் என்ற ஒரு மனிதருடையது. இதை உணர்ந்தே ஒப்பந்தத்தை எழுதியிருந்தார்கள்: விலையில் ஒரு பகுதியை உடனே கொடுப்பது, இன்னொரு பகுதியை அடுத்த ஐந்து ஆண்டுகளில் குறிப்பிட்ட வளர்ச்சி இலக்கை எட்டினால் மட்டுமே கொடுப்பது. விற்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடாமல் இருப்பதற்கு இந்தத் தொழில் கண்டுபிடித்திருக்கும் ஏற்பாடு இது. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே பிரைஸ் அன்றாட முதலீட்டுப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அவரிடம் பயின்றவர்கள் தொடர்ந்தார்கள். பழைய வேகம் அப்படியே தொடர்ந்தது என்று சொல்ல முடியாது.

2001-இல் வாங்கிய ஃபிடூசியரி டிரஸ்ட் இன்டர்நேஷனலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதுகூடக் கடினமாக இருக்கிறது. செல்வந்தர் குடும்பங்களின் சொத்தையும் ஓய்வூதிய நிதிகளையும் பல தலைமுறைகளாக நிர்வகித்துவந்த நியூயார்க் நிறுவனம் அது. ஏறத்தாழ 82.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஏப்ரலில் கொள்முதலை முடித்தார்கள். அதன் அலுவலகம் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் மேல்தளங்களில் இருந்தது. ஐந்தே மாதங்களில், செப்டம்பர் 11 அன்று, அந்நிறுவனத்தின் ஊழியர்கள் 87 பேர் உயிரிழந்தார்கள். கணக்கேடுகளையும் வாடிக்கையாளர் சொத்துகளையும் மாற்று இடத்திலிருந்து மீட்டெடுக்க முடிந்தது. போன மனிதர்களுக்கு மாற்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

இனிச் சென்னை. இந்தியாவில் 1964 முதல் அரசு தொடங்கிய யூனிட் டிரஸ்ட் மட்டுமே இந்தத் துறையில் இருந்தது. 1987 முதல் அரசு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. 1993-இல் தனியாருக்கு வழி திறந்தபோது முதலில் வந்தது சென்னையின் கோத்தாரி குழுமமும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பயோனியர் குழுமமும் சேர்ந்து தொடங்கிய கோத்தாரி பயோனியர். பாஸ்டன் பயோனியர் ஒன்றும் சாதாரண கூட்டாளி அன்று. பிலிப் கேரட் 1928-இல் தொடங்கிய பயோனியர் ஃபண்ட், அமெரிக்காவின் மிகப் பழைய மியூச்சுவல் ஃபண்டுகளுள் ஒன்று. 1993 டிசம்பரில் சென்னையிலிருந்து வெளிவந்த புளூசிப், பிரைமா ஆகிய இரண்டும், எப்போது வேண்டுமானாலும் யூனிட்டைத் திரும்பக் கொடுத்துப் பணம் பெறக்கூடிய திறந்தநிலை ஃபண்டுகள். யூனிட்டைச் சந்தையில் தள்ளுபடி விலைக்கு விற்றுத்தான் வெளியேற முடியும் என்றிருந்த மூடியநிலைத் திட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய மாற்றம். பின்னர் கோத்தாரி குழுமத்தின் இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவின் சுருக்கத்தைச் சேர்த்துப் பயோனியர் ஐ.டி.ஐ. என்று பெயர் மாறியது.

டெம்பிள்டன் 1996-இலேயே இந்தியாவில் தனியாக ஃபண்டுகளைத் தொடங்கியிருந்தது. ஆனால் உள்ளூர்ப் பங்கு ஆய்வில் ஆண்டுக்கணக்கான பதிவும், சிறு நகரங்கள் வரை பரவிய முகவர் தொடர்பும் பயோனியர் ஐ.டி.ஐ.யிடம்தான் இருந்தன. இதற்கிடையில் 2000-இல் பாஸ்டன் பயோனியரையே இத்தாலியின் யூனிகிரெடிட்டோ வங்கி வாங்கிவிட்டது. சென்னையில் யூனிட் வைத்திருந்த ஒருவர் அறியாமலே அவருடைய ஃபண்டின் வேர் பாஸ்டனிலிருந்து மிலானுக்கு நகர்ந்திருந்தது. 2002-இல் பயோனியர் ஐ.டி.ஐ.யை டெம்பிள்டன் வாங்கியது. புளூசிப், பிரைமா என்ற திட்டப் பெயர்களைக் கைவிடாமல் முன்னே ஃபிராங்க்ளின் இந்தியா என்று மட்டும் சேர்த்தார்கள். பங்கு முதலீட்டுக் குழுவின் முக்கியமானவர்கள் சென்னையிலேயே இருந்து வேலை செய்தார்கள். நசாவுவில் செய்ததைத்தான் சென்னையிலும் செய்தார்கள் என்று சொல்லலாம்: நம்பிக்கை எங்கே ஊன்றியிருக்கிறதோ அதைப் பிடுங்காமல் மேலே ஒரு தாய் நிறுவனத்தை வைத்தார்கள்.

சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் முதலீட்டாளர் வாக்களிக்க வேண்டும். இந்தியாவிலோ, பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதிகளின்படி, மேலாண்மை நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறும்போது அறங்காவலர்களும் செபியும் ஒப்புதல் தர வேண்டும். யூனிட்தாரர் ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, விரும்பாதவர்கள் வெளியேற்றக் கட்டணம் இல்லாமல் அன்றைய நிகரச் சொத்து மதிப்பில் வெளியேற வாய்ப்புத் தர வேண்டும். தபாலில் வரும் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் ஒதுக்குபவர்களே மிகுதி. அதைப் படியுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் பணத்தை நிர்வகிப்பவரின் எசமானர் மாறும் வேளையில் உங்களுக்கென்று இருக்கும் ஒரே உரிமை அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2004-இல் ஒரு கறை படிந்தது. குறிப்பிட்ட சில முதலீட்டாளர்கள் ஃபண்டுகளில் அடிக்கடி நுழைந்து வெளியேறி, நீண்ட காலம் வைத்திருப்பவர்களின் செலவில் இலாபம் பார்க்க இடங்கொடுத்ததாக அமெரிக்க ஃபண்ட் துறையில் பல நிறுவனங்கள்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. ஃபிராங்க்ளினின் துணை நிறுவனம் எஸ்.இ.சி.யுடன் 5 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆண்டில் தலைமை சார்லஸ் ஜான்சனின் மகன் கிரெக் ஜான்சனின் கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டு வளர்ச்சிக்கு, உலக நாடுகளின் கடன் பத்திரங்களில் முதலீடு செய்த டெம்பிள்டன் குளோபல் பாண்ட் ஃபண்ட் பெருமளவு துணைநின்றது. 2014-இல் குழுமத்தின் நிர்வாகத் தொகை 90,000 கோடி டாலரைக் கடந்தது. அங்கிருந்து இறக்கம். குறியீட்டைப் பின்பற்றும் மலிவான இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்குப் பணம் போனது; குளோபல் பாண்ட் ஃபண்டின் கணிப்புகள் சில பொய்த்தன; 2020 தொடக்கத்தில் தொகை 70,000 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பிப்ரவரியில் சார்லஸ் ஜான்சனின் மகள் ஜென்னி ஜான்சன் தலைமைச் செயல் அலுவலரானார். அதே மாதம் 18-ஆம் தேதி, தன்னைவிட அதிகத் தொகையை நிர்வகித்துக்கொண்டிருந்த லெக் மேசனை 450 கோடி டாலர் ரொக்கத்துக்கு வாங்குவதாக ஃபிராங்க்ளின் அறிவித்தது. கூடவே அதன் 200 கோடி டாலர் கடனையும் ஏற்றுக்கொண்டது. லெக் மேசன் நிர்வகித்தது 80,000 கோடி டாலர். அவ்வளவு பெரிய நிறுவனம் இவ்வளவு விலைக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவும் ஒரு தாய் நிறுவனமே.

பால்டிமோர் நகரில் 1899 முதல் வேரூன்றிய தரகு நிறுவனம் லெக். 1970-இல் ரேமண்ட் மேசனின் நிறுவனத்தோடு இணைந்து லெக் மேசன் ஆயிற்று. 1983-இல் பொதுப் பங்கு வெளியிட்டது. 1986-இல் கலிஃபோர்னியாவின் கடன் பத்திர நிர்வாக நிறுவனமான வெஸ்டர்ன் அசெட்டை வாங்கியது. அதன் பிறகு பிராண்டிவைன், ராய்ஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர், தன் ஆய்வு முறை, பெரும்பாலும் தன் வருமானத்தில் உடன்பட்ட பங்கு ஆகியவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் குடையின் கீழ் சேர்ந்தது. 2005-இல் ரேமண்ட் மேசன் ஒரு பெரும் பண்டமாற்றைச் செய்தார்: தாம் வளர்த்த தரகுத் தொழிலைச் சிட்டிகுரூப்புக்குக் கொடுத்து, அதன் சொத்து மேலாண்மைப் பிரிவை வாங்கிக்கொண்டார். லெக் மேசனின் நட்சத்திரமாக இருந்தவர் பில் மில்லர். 1991 முதல் 2005 வரை தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை விஞ்சிய வேல்யூ டிரஸ்ட் ஃபண்டை நடத்தியவர். 2008-இல் அந்த ஃபண்ட் பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. வெஸ்டர்ன் அசெட்டும் அதே நெருக்கடியில் அடிபட்டது. பணச் சந்தை ஃபண்டுகளில் தங்கிவிட்ட மோசமான பத்திரங்களைத் தாங்கிப்பிடிக்கத் தாய் நிறுவனம் தன் சொந்தப் பணத்தை இறைக்க வேண்டியிருந்தது. இலட்சம் கோடி டாலரைத் தொட்டிருந்த தொகை வேகமாகக் கரைந்தது. துணை நிறுவனங்களின் சுதந்திரம் நல்ல நாட்களில் திறமையாளர்களை ஈர்த்தது; கெட்ட நாட்களில் செலவைக் குறைக்கக்கூட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசவேண்டிய நிலைக்குத் தாய் நிறுவனத்தைக் கொண்டுவந்தது. அப்படித் தளர்ந்திருந்த வேளையில்தான் ஃபிராங்க்ளின் வந்து விலை கேட்டது.

2020 ஜூலை 31 அன்று கொள்முதல் முடிந்து, குழுமத்தின் தொகை 1.4 இலட்சம் கோடி டாலர் ஆனது. ஆனால் அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட ஏப்ரல் 23 அன்று, இந்தியாவில் அதே குழுமம் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய், மூன்று லட்சம் முதலீட்டாளர்கள். அதிக வட்டிக்காகத் தரமதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை அந்த ஃபண்டுகள் நிறைய வைத்திருந்தன. கொரோனா முடக்கத்தில் எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்டபோது அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை. இதை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது; பின்னர் நாட்டின் பல இடங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. யூனிட்தாரர்களின் ஒப்புதல் இல்லாமல் மூட முடியாது என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது, டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் மூடலுக்கு ஒப்பினார்கள், எஸ்.பி.ஐ. ஃபண்ட்ஸ் மேனேஜ்மெண்டின் மேற்பார்வையில் 2021 பிப்ரவரி முதல் தவணை தவணையாகப் பணம் திரும்பியது. இறுதியில் மூடிய நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்களுக்கு, தேவைப்பட்ட நாளில் கிடைக்காத பணம் பின்னால் வட்டியோடு வந்தது முழு ஈடாகாது. 2021 ஜூனில் செபி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்து, பெற்ற கட்டணத்தை வட்டியோடு 512 கோடி ரூபாயாகத் திருப்பித் தரச் சொல்லி, இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய கடன் ஃபண்டுகளைத் தொடங்கத் தடையும் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்து இடைக்கால நிறுத்தம் பெற்றது.

அமெரிக்காவில் 450 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து இன்னொரு நிறுவனத்தை வாங்கிக்கொண்டிருந்த தாய் நிறுவனம் ஏன் இங்கே கை கொடுக்கவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். சட்டப்படி அதற்கு அந்தக் கடமை இல்லை. இந்திய ஃபண்டின் ஸ்பான்சர், அதாவது அதைத் தொடங்கிய நிறுவனம், தாய் நிறுவனத்தின் துணை நிறுவனமான டெம்பிள்டன் இன்டர்நேஷனல். ஃபண்டின் நட்டத்துக்கு ஸ்பான்சரின் பொறுப்பு, அறக்கட்டளையைத் தொடங்கும்போது செலுத்திய சிறு தொகையோடு முடிந்துவிடும் என்று ஒவ்வொரு திட்ட ஆவணத்திலும் எழுதியிருக்கும். ஃபண்டின் சொத்து தாய் நிறுவனத்தின் கடன்காரர்கள் கைக்குப் போகாமல் காப்பதும் இதே சுவர்தான். தாய் நிறுவனத்தின் பணம் ஃபண்டுக்கு வராமல் தடுப்பதும் இதே சுவர்தான். விளம்பரங்கள் உலகப் பெருநிறுவனத்தின் வலிமையைப் பெரிய எழுத்தில் காட்டியதால் இரண்டாவது பாதியை முதலீட்டாளர்கள் கவனிக்கவில்லை. அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அதன் பின்னும் கொள்முதல்கள் நிற்கவில்லை. பொதுச் சந்தை ஃபண்டுகளில் கட்டணம் சுருங்கியதால், கட்டணம் அதிகமுள்ள தனியார் முதலீட்டுத் துறையில் 2022-இல் லெக்சிங்டன் பார்ட்னர்ஸையும் அல்சென்ட்ராவையும் வாங்கினார்கள். 2024 ஜனவரியில் பாஸ்டனின் பழைய நிறுவனமான புட்னமும் சேர்ந்தது. ஆனால் அதே ஆண்டில் லெக் மேசன் வழி வந்த வெஸ்டர்ன் அசெட்டில் புயல் வெடித்தது. இலாபம் தந்த வர்த்தகங்களைச் சில கணக்குகளுக்கும் நட்டம் தந்தவற்றை வேறு கணக்குகளுக்கும் ஒதுக்கியதாக அதன் முன்னாள் தலைமை முதலீட்டு அலுவலர்மேல் 2024 நவம்பரில் எஸ்.இ.சி.யும் அரசு வழக்கறிஞர்களும் குற்றம் சாட்டினார்கள்; அவர் மறுத்தார். நீதிமன்றம் எதையும் சொல்வதற்கு முன்பே ஓய்வூதிய நிதிகளும் பிற வாடிக்கையாளர்களும் பெருந்தொகைகளை வெளியே எடுத்துக்கொண்டார்கள். தனித்து இயங்கலாம் என்று 2020-இல் வாக்குக் கொடுக்கப்பட்ட அந்த நிறுவனத்தின் நிர்வாகப் பணிகள் சிலவற்றைத் தாய் நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொள்ளத் தொடங்கியது. முதலீட்டு முடிவுகள் மட்டும் இன்னும் வெஸ்டர்ன் அசெட்டின் குழுவிடமே இருக்கும் என்று சொல்லியிருக்கிறது.